குடும்ப வழியும் தொற்று வழியும்

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. புதுச்சேரி நகரத்துச் சாரம் பகுதியில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், காண வரும் உறவினர் முதலில் ஆராய்வது இதனையே. “மூக்கு ஆயாவுடையது, நெற்றி தாத்தாவுடையது” என்று ஆளுக்கொன்று கூறி மகிழ்வர். தோற்றம் மட்டுமன்றி, நடையும் குரலும் சிரிப்புங்கூடக் குடும்ப வழியாக வருவதை யாவரும் அறிவர்.

அதே உறவினர் மற்றொரு நாள் மற்றொரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் வேறொன்று கூறுவதும் உண்டு. “அவள் தாயும் இந்த நோயால்தான் போனாள்; அது அந்தக் குடும்பத்து நோய்” என்பர். இச்சொல் ஊரில் பரவிவிட்டால், அக்குடும்பத்தில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தயங்குவோர் பலராவர். குடும்பத்தாரும் அதனைத் தலைவிதி என்று எண்ணி, மருத்துவரை நாடாமலே இருந்துவிடுவர்.

ஒரு நோய் ஒரே குடும்பத்தில் மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், அது பிறப்போடு வந்த மரபு நோய்தானா? அன்றி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிய நோயா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், மரபு நோய்க்குச் செய்ய வேண்டுவது வேறு. தொற்று நோய்க்குச் செய்ய வேண்டுவது வேறு. தொற்று என்றால் அது வரும் வழி ஒன்று இருத்தல் வேண்டும். வழி தெரிந்தால் அதனை அடைக்கவும் கூடும். புற்றுநோய் ஒன்றின் திறத்தில் அறிவியல் அறிஞர்கள் இவ்வழியைக் கண்டறிந்த வரலாறு, கற்போர்க்கு வியப்பையும் நம்பிக்கையையும் ஒருங்கே தருவதாகும்.

உடலிலுள்ள உயிரணுக்கள் ஒழுங்கு தவறி, அளவின்றிப் பெருகுவதே புற்றுநோய். பெரும்பாலான புற்றுநோய்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்வோர் சிறிதும் அஞ்ச வேண்டுவதில்லை. எனினும், வைரசு எனப்படும் மிகச் சிறிய நச்சு நுண்ணுயிர்களுள் சில, உடலில் நெடுநாள் தங்கிப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. 1911ஆம் ஆண்டில் பெய்டன் ரவுஸ் என்னும் அமெரிக்க அறிஞர், கோழிகளுக்கு உண்டாகும் ஒருவகைப் புற்றினை வைரசு தோற்றுவிப்பதைக் காட்டினார். அக்காலத்தார் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. அதற்குரிய நோபெல் பரிசு 1966ஆம் ஆண்டில், அவரது எண்பத்தேழாம் வயதில்தான் அவரை வந்தடைந்தது.

குடும்ப வழிக்கும் தொற்று வழிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாகக் காட்டியவை சிற்றெலிகளே. அமெரிக்க நாட்டில் பார் ஹார்பர் என்னும் கடற்கரை ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே வளர்க்கப்பட்ட எலிக் குலங்களுள் ஒன்றில், தாய்க்கும் மகளுக்கும் பேர்த்திக்கும் தொடர்ந்து மார்பகப் புற்று தோன்றி வந்தது. மற்றொரு குலத்தில் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இதனை மரபு நோய் என்று கருதுவது இயல்பே அன்றோ? ஆனால், ஜான் பிட்னர் என்பவர் ஓர் எளிய சோதனையைச் செய்தார். நோய்க் குலத்தில் பிறந்த குட்டிகளைப் பிறந்தவுடனே பிரித்தெடுத்து, நோயற்ற குலத்துத் தாயெலிகளிடம் பால் குடிக்க விட்டார். அவ்வாறு செவிலித்தாய்ப் பால் உண்டு வளர்ந்த எலிகளிடம் புற்றுநோய் பெரிதும் குறைந்தது! பிட்னர் தம் முடிவை 1936ஆம் ஆண்டில் வெளியிட்டார். குலத்தின் குற்றம் என்று எண்ணப்பட்டது, பெரும்பகுதி பாலின் வழியே வந்த வைரசின் வேலை என்பது பின்னர் உறுதியாயிற்று.

எலிகளை அடுத்துப் பூனைகள் சான்று கூறின. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், பல பூனைகள் வளர்ந்த ஒரே வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூனைகள் குருதிப் புற்றால் மடிந்தன. அவற்றை ஆராய்ந்த வில்லியம் ஜாரெட் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர், 1964ஆம் ஆண்டில் அந்நோய்க்குரிய வைரசைக் கண்டார். பூனைகள் ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்வதும், ஒரே கலத்தில் உண்பதும் அந்த வைரசு பரவும் வழிகள் எனத் தெரிந்தது. ஒரு வீட்டுப் பூனைகள் ஒரே நோயால் மாண்டதற்கு ஒரு தாய் வயிற்றுப் பிறப்பு தேவைப்படவில்லை. ஓரிடத்து வாழ்வே போதுமானதாயிற்று.

மேற்கூறிய மூன்று வைரசுகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்திற்கு ரெட்ரோவைரசு என்று பெயர். பின்னோக்கி எழுதும் வைரசு என்று இதற்குப் பொருள் கூறலாம். அஃது என்ன எழுத்து? பதிவு அலுவலகத்தில் மூலப் பதிவேடு ஒன்று பாதுகாக்கப்படுகிறது. வேண்டுவோர் அதிலிருந்து நகல் பெற்றுச் செல்வர். நகலில் உள்ளதை எவரும் மூலப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. நம் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் பொருள் மூலப் பதிவேடாக இருக்கிறது, ஆர்.என்.ஏ. என்னும் பொருள் அதன் நகலாக வெளிவந்து வேலை செய்கிறது. ரெட்ரோவைரசோ, கையில் ஆர்.என்.ஏ. நகலுடன் உயிரணுவுக்குள் நுழைந்து, அதனை டி.என்.ஏ. எழுத்தாக மாற்றி, மூலப் பதிவேட்டின் நடுவே ஒரு பக்கமாகச் சேர்த்துவிடுகிறது. இந்த விந்தையைச் செய்யும் நொதியை ஹோவர்டு டெமின், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் 1970ஆம் ஆண்டில் தனித்தனியே கண்டறிந்தனர். 1975ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

மூலப் பதிவேட்டில் ஏறிவிட்ட பக்கத்தைக் கிழித்தெறிதல் அரிது. அந்த உயிரணு இரண்டாகும்பொழுது, அப்பக்கமும் இரண்டாகிறது. ஆதலின், ரெட்ரோவைரசு ஒருவர் உடலில் புகுந்தால் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகிறது.

மனிதருக்குப் புற்றுநோய் தரும் ரெட்ரோவைரசு உண்டா என்னும் ஐயம் நெடுங்காலம் தீராதிருந்தது. அதனைத் தீர்த்த நாடுகளுள் சப்பான் முதன்மையானது. 1977ஆம் ஆண்டில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கியோஷி தக்கத்சுகி முதலிய மருத்துவர்கள், முதிர்ந்தோருக்கு வரும் ஒரு புதுவகைக் குருதிப் புற்றினை விளக்கி எழுதினர். அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் தென்மேற்கே உள்ள கியூசுத் தீவில் பிறந்தவர் என்பதை அவர்கள் கூர்ந்து நோக்கினர். பிறந்த ஊருக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குமானால், அவ்வூரில் ஏதோ ஒன்று மறைந்திருத்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வுக் குழுவினர் மனித ரெட்ரோவைரசு ஒன்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டில் சப்பானிய அறிஞர் யோரியோ ஹினுமாவின் குழுவினர், கியூசு நோயாளிகளிடமும் ஒரு ரெட்ரோவைரசு இருத்தலைக் கண்டனர். இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தபின், அதற்கு எச்.டி.எல்.வி.-1 என்னும் பெயர் நிலைத்தது.

இந்த வைரசு குருதியிலுள்ள வெள்ளணுக்களில் குடியிருக்கிறது. இதனைத் தாங்கியிருப்போர் அனைவரும் நோயாளர் ஆவதில்லை. நூறு பேருள் ஏறத்தாழ ஐவர்க்கே வாழ்நாளில் குருதிப் புற்று உண்டாகிறது. ஏனையோருள் பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிப்பர். நோய் வருவோர்க்கும் அது உடனே வருவதன்று. குழந்தைப் பருவத்தில் புகுந்த வைரசு நாற்பது, ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்தே புற்றாக வெளிப்படும்.

இக்கால நீட்சியே இவ்வைரசின் பெரிய மறைவிடம். கியூசுத் தீவில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பாட்டி அறுபத்தைந்தாம் வயதில் நோய்வாய்ப்படுகிறாள். அப்பொழுது அவள் மகளுக்கு வயது நாற்பது. பேர்த்தியோ பள்ளி செல்லும் சிறுமி. பாட்டியிடம் இருந்த வைரசு மகளுக்கும், மகளிடமிருந்து பேர்த்திக்கும் முன்பே சென்றிருக்கலாம். மூவருள் எவரும் அதனை அறியார். பாட்டியின் நோய் தெரியவரும் நாளில், அடுத்த இரண்டு தலைமுறைகளின் பாலூட்டும் காலமும் கடந்துவிட்டிருக்கும். மக்கள் இதனைக் குடும்பத்து நோய் என்று கருதியதில் வியப்பில்லை.

ஆய்வாளர்கள் குடும்பம் குடும்பமாகக் குருதியைச் சோதித்தனர். வைரசைத் தாங்கிய பிள்ளைகளின் தாய்மார் பெரும்பாலும் வைரசைத் தாங்கியோராகவே இருந்தனர். கணவனிடமிருந்து மனைவிக்கும் அது செல்வது தெரிந்தது. குருதி ஏற்றுதலும் ஒரு வழியாக இருந்தது. அவ்வழியை அடைக்கச் சப்பானில் 1986 முதல் கொடையாளர் குருதி சோதிக்கப்பட்டு வருகிறது. உடனுண்பதாலும், உடனுறைவதாலும், கைகோத்து விளையாடுவதாலும் இது தொற்றுவதில்லை. ஆயின், தாயிடமிருந்து குழந்தைக்கு எவ்வாறு செல்கிறது? குழந்தையின் பிறப்புக்குக் காரணமான அணுக்களில் வைரசு எழுதப்பட்டிருக்கவில்லை. தாய்ப்பாலில் இயல்பாகவே வெள்ளணுக்கள் உண்டு. வைரசு குடியிருக்கும் வெள்ளணுக்களும் அவற்றோடு கலந்து குழந்தையின் உடலுட் புகுகின்றன. வைரசைத் தாங்கிய தாய்மாரின் பாலணுக்களைச் சிறு குரங்குக்கு வாய்வழியே ஊட்டியபொழுது, அக்குரங்கும் தொற்றுக்கு உள்ளாயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன் பிட்னரின் எலிகள் காட்டிய வழியே மனிதரிடத்தும் காணப்பட்டது.

இங்கே ஓர் இக்கட்டு எழுந்தது. தாய்ப்பாலினும் சிறந்த உணவு குழந்தைக்கு இல்லை. தாயன்பின் வடிவமாகவே உலகம் அதனைப் போற்றுகிறது. ‘நின் குழந்தைக்குப் பாலூட்டாதே’ என்று ஒரு தாயிடம் எவ்வாறு கூறுவது? கூறாதிருந்தால், அறுபது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய புற்றுநோய்க்கு இன்றே வாயில் திறந்ததாகாதா? நாகசாகி மாவட்டத்தின் மருத்துவர்கள், ஷிகேயோ ஹினோ முதலியோர் முன்னின்று, 1987ஆம் ஆண்டில் ஒரு தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினர். கருவுற்ற தாய்மாரின் குருதி சோதிக்கப்பட்டது. வைரசு இருப்பதாகத் தெரிந்த தாய்மாருக்கு மட்டும், உண்மை நிலையை விளக்கி, மாற்றுப்பால் ஊட்டும்படி அறிவுரை கூறினர். முடிவு தாயின் கையிலேயே இருந்தது. 

ஆண்டுகள் பல கழிந்தபின் கணக்கிட்டுப் பார்த்தனர். ஆறு மாதத்திற்கு மேல் தாய்ப்பால் உண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் தொற்றுக்கு உள்ளாயினர். ஆறு மாதத்திற்குள் நிறுத்திய குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரும், மாற்றுப்பால் மட்டும் உண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 2.5 பேருமே அவ்வாறாயினர். மருந்து ஒன்றும் இன்றி, வழியை அறிந்த அறிவு ஒன்றினாலேயே தொற்று எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. 2011 முதல் சப்பான் நாடு முழுவதும் கருவுற்ற தாய்மார்க்கு இச்சோதனை நடைபெறுகிறது.

இவ்வைரசு ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ உரியதன்று. புதுச்சேரித் துறைமுகத்தோடு பழந்தொடர்புடைய மார்ட்டினிக் தீவும் இதற்குச் சான்றாகும். பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த அத்தீவில், 1848ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்கள் ஒப்பந்தத் தொழிலாளராகக் கப்பலேறினர். 1853ஆம் ஆண்டில் ‘அவுரேலி’ என்னும் கப்பல் அவர்களுள் முதற்கூட்டத்தாரை ஏற்றிச் சென்றது. அதற்கு முன்னரே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு எச்.டி.எல்.வி.-1 அத்தீவுகளை அடைந்திருந்தது. மார்ட்டினிக்கில் கால்கள் விறைத்து நடை தளரும் நரம்பு நோய் ஒன்று மக்களை வருத்தி வந்தது. அந்நோய்க்கும் இவ்வைரசுக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்துவான் ழெசேன் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1985ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மக்கள் கடல் கடந்து செல்லும்பொழுது, மொழியும் வழிபாடும் உணவும் உடன் செல்வது போலவே, கண்ணுக்குத் தெரியாத வைரசும் உடன் செல்கிறது. அதற்காக எந்த மக்களையும் பழித்தல் தகாது.

இந்தியாவில் எச்.டி.எல்.வி.-1 பரவலாகக் காணப்படவில்லை. ஆயினும், அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு வைரசு நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றை வாட்டியுள்ளது. அதுவே எச்.ஐ.வி. பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் 1983ஆம் ஆண்டில் அது கண்டறியப்பட்டது. இந்தியாவில் அது நுழைந்திருப்பதை முதலில் காட்டியது தமிழ்நாடே. 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும், அவர் மாணவி நிர்மலாவும் குருதி மாதிரிகளைத் திரட்டினர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டபொழுது, வைரசு இருப்பது புலனாயிற்று. இவ்வைரசு உடலின் காவல் ஆற்றலை அழிப்பதால், சிலவகைப் புற்றுநோய்களும் எளிதில் தலையெடுக்கின்றன.

எச்.ஐ.வி.யும் குடும்பத்துள் பரவும் இயல்புடையது. கணவனிடமிருந்து மனைவிக்கும், மனைவியிடமிருந்து கணவனுக்கும், தாயிடமிருந்து குழந்தைக்கும் அது செல்லக்கூடும். தடுப்பு முறை எதுவும் மேற்கொள்ளாவிடின், தொற்றுடைய தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை தொற்றுக்கு உள்ளாவர். தாய் உரிய மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், இவ்வெண்ணிக்கை ஐந்துக்கும் கீழே குறைகிறது. சென்னை, புனே ஆகிய நகரங்களையும் உள்ளிட்டு ஒன்பது நாடுகளில் 1763 தம்பதியரிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. தொற்றுடையவர் காலந்தாழ்த்தாமல் மருந்து உண்டால், துணைவருக்குத் தொற்றுதல் நூற்றுக்கு 96 பங்கு குறைவதை அது 2011ஆம் ஆண்டில் காட்டிற்று. நாகசாகியில் உணவு மாற்றம் செய்த வேலையை இங்கே மருந்து செய்கிறது. ஆகவேதான், மருந்து உண்ணும் தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டுவதை இந்திய மருத்துவர்கள் தடுப்பதில்லை.

தாய்வழி வந்து புற்றுநோயில் முடியும் தொற்றுகளுள் ஈரல் அழற்சி பி வகை வைரசும் ஒன்று. அது ரெட்ரோவைரசு அன்று. எனினும், பிறக்கும்பொழுதே குழந்தைக்குத் தொற்றிப் பல்லாண்டுகள் கழிந்தபின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. அதற்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடப்பெறுதல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிப் போடப்படுகிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபின், திண்ணையில் பேசப்படும் அந்தச் சொல்லை மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். ‘குடும்பத்து நோய்’ என்று ஒதுக்கி வைப்பதால் ஒரு வைரசும் ஒழிவதில்லை. அச்சம் மிகுந்தால் மக்கள் சோதனைக்கு வாரார். சோதனைக்கு வாராவிடின், தொற்று மறைந்தே பரவும். தொற்றுடையவரோடு அமர்ந்து உண்பதனாலோ, ஒரே பெஞ்சில் இருந்து படிப்பதனாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை. தொற்றைக் காரணம் காட்டி ஒரு மாணவனுக்குப் பள்ளியில் இடம் மறுப்பதும், ஒருவரை வேலையினின்று நீக்குவதும் கூடா என்று 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் விதிக்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்னரே நெஞ்சம் சொல்ல வேண்டிய அறம் இது.

சாரத்தில் ஓர் இளம்பெண் கருவுற்றிருக்கிறாள் என்று கொள்வோம். அவள் தன் மாமியாருடன் அரசு மருத்துவமனைக்குச் செல்கிறாள். சிறு குழாயில் சிறிது குருதி எடுக்கப்படுகிறது. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி முதலியவற்றுக்கான சோதனைகள் அதில் செய்யப்படுகின்றன. அவளுக்கு அது ஒரு நொடி நேர வலி. குழந்தைக்கோ அது வாழ்நாட் காவல். ஒருவேளை தொற்று இருப்பதாகத் தெரிந்தாலும், கலங்கி நிற்க வேண்டுவதில்லை. மருந்துக்கும் அறிவுரைக்கும் காலம் இருக்கிறது. அன்று அவளோடு துணைக்கு வந்த மாமியார் சுடுசொல் கூறாமல் கைப்பிடித்து அழைத்துச் செல்வாராயின், மருத்துவத்தின் பாதி வேலை முடிந்ததெனலாம்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவன பல. மூக்கும் நெற்றியும் வருவதை எவராலும் மாற்ற இயலாது. மாற்ற வேண்டுவதும் இல்லை. தொற்றின் வழியை மட்டும் அடைத்துவிட்டு, தாயின் முகத்தையும் அன்பையும் முழுமையாகப் பிள்ளைக்கு வழங்க இன்றைய மருத்துவம் வழி காட்டியுள்ளது. அவ்வழியில் நடப்பது குடும்பத்தார் கடமை. அவர்களுக்குத் துணை நிற்பது ஊரார் கடமை.